வாடையை நம்பிய காலமும் துளியை எண்ணிய காலமும்

பட்டர்வொர்த் நகரின் தெற்கே, பிறை ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு வடகரையாக, ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் அண்டையில் அமைந்திருக்கும் பாகான் டாலாம், இன்று வரைபடத்தில் பார்ப்பவருக்குச் செபராங் பிறையின் ஒரு குடியிருப்புப் பகுதியாகவும், தேர்தல் காலத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராகவும் மட்டுமே தோன்றக்கூடும். ஆயினும் தமிழர் இந்த மலேசிய நாட்டுக்கு வந்த சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு படிப்பவருக்கு, இந்தக் கரையும், எதிரே கிடக்கும் பினாங்குத் தீவும், இடையிலுள்ள குறுகிய கடலும் சேர்ந்து ஒரே வாசலாகத் தெரியும். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார்; 1800இல் எதிர்க்கரையின் நிலப்பட்டை கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்டு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் கொண்டது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அம்மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு ஜில்லாக்களின் கூலியாட்கள் நாகப்பட்டினம் வழியாக வந்து இறங்கத் தொடங்கிவிட்டனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நின்று கங்காணி முறை மேலோங்கியது. கப்பல் மட்டும் பழைய வாசலுக்கே வந்துகொண்டிருந்தது.

அந்த வாசலில் ஒரு படி இருந்தது. பினாங்குத் தீவின் கீழ்க்கடலில், இன்று பினாங்குப் பாலத்தின் மேல் செல்லும் எவரும் தென்திசையில் காணக்கூடிய ஜெரஜாக் என்னும் சிறு தீவே அது. முதலில் குஷ்டரோகிகளை ஒதுக்கி வைப்பதற்கென்று எடுத்துக்கொள்ளப்பட்ட அத்தீவில், 1870களிலிருந்து, கப்பலில் வந்தவர்களைச் சில நாள் தடுத்து வைத்துக் கண்காணிக்கும் நிலையமும் நடந்தது. அம்மையோ காலராவோ கப்பலில் தலைகாட்டியிருந்தால் தடுப்பு நாட்கள் நீளும். அம்மை குத்துவார்கள், துணிமணிகளை வாங்கி நீராவியில் அவிப்பார்கள், ஆட்களைக் கிருமிநாசினி கலந்த நீரில் குளிப்பாட்டுவார்கள். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு மண்டபம் முகாமில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. ஊரைவிட்டு முதன்முறையாக வெளிவந்த ஒரு குடியானவனுக்கு, கடல் கடந்த சீமையின் முதல் ஸ்பரிசமாகவும் முதல் வாசனையாகவும் அமைந்தது நிலக்கரித் தாரின் அந்தக் காரமான வாடை.

அந்தத் தொட்டித் தண்ணீரில் மருந்து எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு? உடம்பில் அது எத்தனை நிமிஷம் இருக்க வேண்டும்? நூறு பேர் குளித்து எழுந்த பின்னும் அதே தண்ணீரில் அதே வீரியம் இருக்குமா? இக்கேள்விகளைக் குளித்தவர்கள் கேட்கவில்லை என்பது ஆச்சரியமல்ல. குளிப்பாட்டியவர்களுடைய சாஸ்திரமே அக்காலத்தின் பெரும்பகுதியில் இவற்றுக்குத் தெளிவான விடை வைத்திருக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. கிருமிநாசினியின் சரித்திரத்தைச் சாதாரணமாக ஒரு வெற்றிக் கதையாக எழுதுகிறார்கள். லிஸ்டர் வந்தார், கிருமிகள் மாண்டன என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் மருந்து கிடைத்ததற்கும் அதை அளக்கத் தெரிந்ததற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்தது. அந்த இடைவெளியில் அளவுகோலாக இருந்தது மனிதனுடைய மூக்கு.

இது மிகைப்பேச்சன்று. நோய் என்பது அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றினால் வருகிறது என்று ஐரோப்பிய வைத்தியம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆகவே துர்நாற்றத்தைப் போக்குவது எதுவோ அதுவே நோயையும் போக்கும் என்று கொள்வது இயல்பாயிற்று. 1847இல் வியன்னாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்துவரும் மாணவர்கள் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்பே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டுமென்று விதித்தார். தாய்மாரின் மரணம் திடுக்கிடத்தக்க அளவு குறைந்தது. ஆனால் அவர் குளோரினைத் தேர்ந்ததற்குக் காரணம், சவத்தின் நாற்றம் சோப்பினால் போகாமல் குளோரினால் போயிற்று என்பதே. ஜோசப் லிஸ்டரும் இதே வழியில் வந்தவர்தாம். கார்லைல் நகரத்தில் சாக்கடையின் நாற்றத்தை அடக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றுகிறார்கள், அக்கழிவு பாய்ந்த மேய்ச்சல் நிலத்து மாடுகளின் நோயும் குறைந்தது என்று கேள்விப்பட்டே, 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில், வண்டி ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணுக்கு அவர் அதைப் பிரயோகித்தார். மூக்கு காட்டிய வழி இருமுறையும் சரியான இடத்துக்கே கொண்டுபோய் விட்டது. அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில், சரியான மருந்தைக் காட்டிய மூக்கு, சரியான அளவை ஒருநாளும் காட்டியதில்லை.

கார்பாலிக் அமிலத்தை லிஸ்டரின் சீடர்கள் இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு என்று இரண்டு வலுவில் வழங்கினார்கள். இருபதில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஐந்து, கருவிகளுக்கு. நாற்பதில் ஒன்று கைகளுக்கும் புண்ணுக்கும். கேட்பதற்கு இது நிதானமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்நீரில் அன்றாடம் கை முக்கிய ரணவைத்தியர்களின் தோல் வெளுத்து வெடித்து மரத்துப்போயிற்று. சத்திரசிகிச்சை அறையில் புகைபோல் தெளிக்கப்பட்ட கார்பாலிக் நீரைச் சுவாசித்தவர்கள் சோர்ந்தார்கள். சில நோயாளிகளின் சிறுநீர் கரும்பச்சையாக மாறியது, மருந்து உடலுக்குள் சென்றுவிட்டது என்பதற்கு அடையாளமாக. அந்தத் தெளிப்பை லிஸ்டரே பின்னாளில் கைவிட்டு, அதை எப்போதோ சிபாரிசு செய்ததற்காக வெட்கப்படுவதாக 1890இல் பெர்லின் மாநாட்டில் கூறினார். பீனால் என்றும் பெயருள்ள இந்தக் கார்பாலிக் அமிலத்திடம் ஒரு வஞ்சகமும் உண்டு: தோலைச் சுடும்போதே அவ்விடத்தை மரக்கவும் செய்துவிடுவதால், சுடுபட்டவனுக்கு எரிச்சல் உடனே தெரிவதில்லை, தெரியாத நேரத்தில் அது தோலின் வழியே இரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். விஷமென்று இருட்டிலும் விரலுக்குத் தெரியும்படி, வரம்பு எழுப்பிய ஆறுபட்டைக் கண்ணாடிக் குப்பிகளில் அக்காலத்து மருந்துக் கடைகள் இத்தகைய திரவங்களை அடைத்து விற்றதற்குக் காரணமிருந்தது.

மூக்கின் ஆட்சிக்கு முதல் அடி கொடுத்தவர் ராபர்ட் கோக். பட்டு நூல்களில் அடைப்பான் நோயின் விதைமணிகளைக் காயவைத்து, பல்வேறு மருந்துகளில் பல்வேறு நேரம் முக்கி எடுத்து, மீண்டும் முளைக்கின்றனவா என்று பார்த்து 1881இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் பாதியைப் பரிகாசத்துக்குள்ளாக்கியது. எண்ணெயிலோ சாராயத்திலோ கரைத்த கார்பாலிக் அமிலத்துக்கு வாடை இருந்தது, வீரியம் இல்லை. நாற்றத்தைப் போக்குவது ஒன்று, கிருமியின் வளர்ச்சியை நிறுத்தி வைப்பது வேறொன்று, கிருமியைக் கொல்வது முற்றிலும் வேறொன்று என்பது அன்றுதான் ஐயமறத் தெளிவாயிற்று.

இதற்குள் வியாபாரம் விஞ்ஞானத்தை முந்திக்கொண்டு ஓடியது. 1877இல் ஜான் ஜேய்ஸ் என்பவர் உரிமைப் பதிவு செய்த தார் திரவமும், ஷெபீல்ட் வட்டாரத்துச் சூளைகளிலிருந்து வந்த இசால் திரவமும், லைசால் முதலியனவும் பேரரசின் துறைமுகங்களுக்கெல்லாம் பீப்பாய்களில் வந்து குவிந்தன. தமிழ்நாட்டில் பினாயில் என்று நாம் அறிந்த பொருள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் அத்திரவம் நீரில் விழுந்ததும் சட்டென்று வெளுக்கும். அந்த வெளுப்பும் வாடையும் சேர்ந்து, பார்ப்பவர் மனத்தில் சுத்தம் நிகழ்ந்துவிட்டது என்ற நிச்சயத்தை உண்டாக்கிவிடும். கக்கூஸ் கழுவுபவரும், கப்பல் தளம் கழுவுபவரும், தோட்டத் தொழிலாளர் லயத்து வாய்க்காலில் ஊற்றுபவரும் வெளுப்பைப் பார்த்தே கலந்தனர். வெளுப்பதற்கு ஒரு மூடி போதும். கொல்வதற்கு எத்தனை மூடி என்பது யாருக்குத் தெரியும்?

ஒரு பண்டத்துக்குள் எத்தனை வீரியம் என்பதை எண்ணாகச் சொல்லும் முறையொன்றை 1903இல் ரைடல், வாக்கர் என்ற இருவர் அமைத்தனர். டைபாய்டு கிருமியைக் குறிப்பிட்ட நிமிஷங்களுக்குள் கொல்வதற்குப் பீனாலை எந்த அளவுக்கு நீர்க்கச் செய்யலாம், புதிய மருந்தை எந்த அளவுக்கு நீர்க்கச் செய்யலாம் என்று ஒப்பிட்டு, பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பது பீனால் குணகம். குணகம் பத்து என்றால் பீனாலைக் காட்டிலும் பத்து மடங்கு நீரில் கலக்கலாம் என்று பொருள். டப்பாக்களின் மேல் பெரிய எழுத்தில் எண்கள் ஏறின. ஆனால் அந்தச் சோதனை சுத்தமான நீரில் நடந்த சோதனை. கப்பல் தளமும் கக்கூஸும் சுத்தமான நீர் அல்ல. 1908இல் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி, நிலையத் தலைவர் சார்ல்ஸ் மார்ட்டினுடன் சேர்ந்து, மலத்தைக் கலந்து அதே சோதனையைச் செய்தபோது, பெருமையாக அச்சிடப்பட்ட குணகங்கள் சரிந்து விழுந்தன. ஒரு பெண்ணை அங்கே நியமிக்கலாகாது என்று அந்நிலையத்தில் சிலர் ஆட்சேபித்திருந்தனர் என்பதை நினைத்துப் பார்க்கையில், மலத்தை மேஜைமேல் வைத்து வியாபாரிகளின் எண்களைச் சோதிக்கும் துணிவு அவருக்கே வந்தது பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. பின்னாளில் போருக்குப் பிந்திய வியன்னாவின் குழந்தைகளிடையே எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்து பெயர் பெற்று, நூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்தவர் அவர்.

சிக்கின் அச்சோதனை நடந்த அதே 1908இல் ஹெர்பர்ட் வாட்சன் என்பவர் செறிவுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை ஒரு சமன்பாடாக எழுதினார். செறிவைக் குறைத்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பது எவருக்கும் தோன்றக்கூடியதே. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும் என்பதே அதன் விசேஷம். குளோரினைப் பாதியாக்கினால் நேரத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கினால் போதும். பீனாலைப் பாதியாக்கினாலோ நேரம் இரண்டு மடங்கல்ல, அறுபத்துநான்கு மடங்கு வேண்டும். பத்து நிமிஷத்தில் ஆக வேண்டிய காரியத்துக்குப் பத்து மணி நேரம் தாண்டிவிடும். மருந்து சிக்கனமாக வரட்டும் என்று வாளியில் இன்னொரு வாளித் தண்ணீரைச் சேர்க்கிற கை, வாடையில் ஒரு குறையும் காணாது. ஆனால் அது ஊற்றுவது அநேகமாக வெறும் தண்ணீர். சாராய வகையில் விஷயம் இன்னும் விசித்திரம்: கலப்பற்ற ஆல்கஹாலைவிட நூற்றுக்கு எழுபது பங்குள்ளதே கிருமியை நன்றாகக் கொல்லும், நீர் இல்லாமல் அது உள்ளே புகுந்து வேலை செய்வதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை இவ்விடத்தில் எடுத்து ஓதுவது நம்மவர் வழக்கம். அது பாதி உண்மைதான். அளவுக்குக் குறைந்த நஞ்சு பயனற்றுப் போவதோடு, காப்பு இருக்கிறது என்ற பொய்த் தைரியத்தையும் கொடுத்துவிடுகிறது என்ற மற்றப் பாதியை அப்பழமொழி சொல்வதில்லை.

ஆய்வுக்கூடத்து இந்தக் கணக்கு எளிய மக்களின் வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தது கிணற்றின் வழியாக. 1890களில் ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின், காலரா பரவும் ஊர்களின் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஊற்றும் முறையைப் பரப்பினார். இதில் அளவுகோல் நிறம்: நீர் இளஞ்சிவப்பாகிச் சில மணி நேரமேனும் அந்நிறம் நிற்க வேண்டும், நிறம் சடுதியில் மறைந்தால் நீரிலுள்ள அழுக்கு மருந்தை விழுங்கிவிட்டது, மேலும் போட வேண்டும். மூக்கிலிருந்து கண்ணுக்கு வந்தது ஒரு முன்னேற்றமே. ஆனால் பெர்மாங்கனேட் காலராக் கிருமியிடம் காட்டிய வீரத்தை ஏனைய கிருமிகளிடம் காட்டவில்லை. நீரின் ருசியும் கெட்டது. ஊரார் முணுமுணுத்தனர்; கிணற்றில் சர்க்கார் ஆள் எதையோ கொட்டுகிறான் என்பது எந்த ஊரிலும் நிம்மதி தரும் செய்தியன்று.

பெர்மாங்கனேட்டின் இடத்தைப் பிடித்தது, 1799இல் கிளாஸ்கோவின் சார்ல்ஸ் டென்னன்ட் துணி வெளுப்பதற்காக உரிமைப் பதிவு செய்த பிளீச்சிங் பவுடர். புதிதாக இருக்கும்போது அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின் பயன்படும் நிலையில் இருக்கும். குடிநீருக்குக் குளோரினைப் பயன்படுத்தலாம் என்று இந்திய மருத்துவப் படையைச் சேர்ந்த நெஸ்பீல்டு 1903இலேயே எழுதினார். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் அதைச் செய்து காட்டினார். 1908 செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக் குடிநீரில் ஜான் லீல் என்ற டாக்டர் அதைச் சேர்க்க, விஷயம் கோர்ட்டு வரை போயிற்று. மக்கள் குடிக்கும் நீரில் விஷம் கலந்தாய் அல்லவா என்ற கேள்விக்கு, கலந்த அளவைக் காட்டியே அவர் விடை சொல்ல வேண்டியிருந்தது. பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்குக்கும் மிகக் குறைந்த குளோரின் அது. கோர்ட்டு ஏற்றுக்கொண்டது.

நம்முடைய கிணற்றுக்கு வருவோம். கிணற்றின் விட்டம் இரண்டு மீட்டர், தண்ணீரின் ஆழம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஆழத்தாலும் 3.14ஆலும் பெருக்கி நான்கால் வகுத்து, லிட்டராக்க ஆயிரத்தால் பெருக்க, கிணற்றிலிருப்பது சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரைக் கிராம் பவுடர் என்பது சாதாரணமான தெளிந்த கிணற்றுக்குச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. ஆக மொத்தம் வேண்டியது இருபத்துநான்கு கிராம் மட்டுமே. ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அதையும் நேரே கொட்டலாகாது: வாளியில் களியாகக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சில நிமிஷம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை ஒதுக்கி, மேல்நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக இழுத்துக் கலக்க வேண்டும்; பிறகு ஒரு மணி நேரம் எவரும் நீர் இறைக்கலாகாது.

எல்லாக் கிணறும் ஒன்றல்ல என்ற சங்கடத்துக்குத் தீர்வு கண்டவர், முதல் உலகப் போரில் பட்டாளத்தின் குடிநீரைக் காக்க வேண்டியிருந்த ஆங்கில ராணுவ டாக்டர் வில்லியம் ஹாரக்ஸ். அவர் பெயரால் வழங்கும் பெட்டியில் ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு கறுப்புக் கிண்ணம், இரண்டு கிராம் கொள்ளும் கரண்டி, சொட்டுக் குழாய், மாவுச்சத்தும் அயோடைடும் சேர்ந்த காட்டித் திரவம் முதலியவை இருக்கும். கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பவுடரைக் கரைத்து, கிணற்று நீர் நிரப்பிய வெள்ளைக் கிண்ணங்களில் முதலாவதற்கு ஒரு துளி, இரண்டாவதற்கு இரண்டு துளி என்று ஆறுவரை விட்டு, அரை மணி காத்திருந்து, காட்டித் திரவத்தைச் சேர்த்தால், எங்கே குளோரின் மிஞ்சி நிற்கிறதோ அங்கே நீலம் பூக்கும். மூன்றாவது கிண்ணத்தில் முதலில் நீலம் தெரிந்தால், நூறு காலன், அதாவது 455 லிட்டர் நீருக்கு மூன்று கரண்டி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய ரசாயனம் இது. கிருமிநாசினியின் நெடுஞ்சரித்திரத்தில் என் மதிப்பில் இதைவிட நாகரிகமான கருவி வேறில்லை. தமிழகத்தின் மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைச் செய்முறைத் தேர்வுக்காகப் படிக்கிறார்கள்.

இந்தப் பெட்டி கற்பித்த பாடம், போடுவது வேறு, மிஞ்சுவது வேறு என்பது. தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவருக்குச் சம்பளப் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொகை ஒன்று. கங்காணியின் முன்பணமும் கடைப் பற்றும் போகக் கையில் விழுவது வேறொன்று. குடும்பம் பிழைப்பது கையில் விழுந்ததைக் கொண்டுதான். நீரிலுள்ள அழுக்கும் அப்படியே தன் பங்கை முதலில் பிடித்துக்கொள்கிறது. பிடித்தது போக எஞ்சும் குளோரினே கிருமியைக் கொல்லும்.

தோட்டம் என்றதும் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. ரப்பர்த் தோட்டத்தின் தொழிற்சாலை, அளவு தெரியாத இடமன்று. பாலில் ரப்பர் எத்தனை பங்கு என்பதை மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இட்டு நாள்தோறும் பார்த்தார்கள். பாலைக் குறித்த செறிவுக்கு நீர் சேர்த்து இளக்கி, பார்மிக் அமிலத்தைக் கணக்காகக் கலந்து உறையவைத்தார்கள். அமிலம் கூடினாலும் குறைந்தாலும் ஷீட்டின் தரம் கெடும், விலை இறங்கும். செறிவு, அளவு, நேரம் என்ற மூன்றையும் தமிழ்த் தொழிலாளி அன்றாடம் கையாண்டான், ரப்பருக்காக. அதே தோட்டத்தின் லயத்து வாய்க்காலிலும் கக்கூஸிலும் ஊற்றப்பட்ட திரவத்துக்கு வாளியும் உத்தேசமும் போதுமானவையாகக் கருதப்பட்டன. தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர் ஒருவரே மருந்து அளக்கும் கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்திருந்தவர்; அவர் நல்லவராகவும் நிதானமானவராகவும் அமைந்தது அந்தந்தத் தோட்டத்தின் பாக்கியம்.

காலம் மாறிற்று. ஜெரஜாக், போருக்குப் பின் காசநோயாளிகளின் இடமாகி, 1969இலிருந்து சிறைத் தீவாகி, அதுவும் 1993இல் மூடப்பட்டது. குடிநீர்க் கிணறுகள் குழாய்களுக்கு வழிவிட்டன. சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படும் மூடா ஆற்று நீரே இன்று பினாங்கு மாநிலத்தின் பெரும்பகுதிக்குக் குடிநீர். பட்டர்வொர்த்திலிருந்து கடலடிக் குழாய்கள் வழியே அது தீவுக்கும் போகிறது. குழாயில் வரும் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டுமென்பது மலேசியக் குடிநீர்த் தரவிதி. கீழெல்லை கிருமிக்காக, மேலெல்லை மனிதனுக்காக. ஒரே பொருளுக்கு இரு பக்கமும் வேலி. இதை அளக்க நெடுங்காலம் பயன்பட்ட ஆர்த்தோடாலிடின் என்ற மஞ்சள் நிறம் காட்டும் மருந்தே புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு உள்ளாகிப் பின்வாங்க, டிபிடி என்ற இளஞ்சிவப்பு நிறம் காட்டுவது அதன் இடத்துக்கு வந்தது. அளக்கும் கருவிக்கும் அளவு பார்க்க வேண்டியதாயிற்று!

வீடுகளுக்குள் நுழைந்தவை டெட்டாலும் குளோரக்ஸும். குளோரக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயராயினும் இந்நாட்டில் வெளுப்புத் திரவம் எதையும் அப்பெயராலேயே குறிக்கிறார்கள். அதில் சோடியம் ஹைப்போகுளோரைட் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கும். தரையும் மேஜையும் துடைப்பதற்கு வேண்டியது நூற்றுக்கு 0.1 மட்டுமே. ஆகவே ஒரு பங்குத் திரவத்துக்கு நாற்பத்தொன்பது பங்கு நீர். இரத்தம் சிந்திய இடத்துக்கு ஐந்து மடங்கு வலுவாக, பத்தில் ஒன்று. துடைத்த உடனே உலர்த்திவிடாமல் சில நிமிஷம் ஈரமாக விட வேண்டும். வெந்நீரில் கலக்கலாகாது, வீரியம் சிதையும். வெயிலிலும் புழுக்கத்திலும் வைத்த குப்பி, மேலே ஒட்டிய சீட்டு என்ன சொன்னாலும், மாதக்கணக்கில் வலு இழந்துகொண்டே போகும். கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு சேர்த்தால் குளோரமின் வாயுவும் எழும்; இரண்டு மருந்து ஒன்றைவிட நல்லது என்று நம்பி இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றி, கதவடைத்த குளியலறையில் மூச்சுத் திணறியவர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

இத்தனையும் அச்சில் வந்து, பாடமாகி, தேர்வுக் கேள்வியுமாகிவிட்ட பிறகு, கொரோனாத் தொற்றோடு 2020 வந்தது. மார்ச் 30ஆம் நாள், ஊரடங்கில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளரை உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் சாலையோரம் உட்காரவைத்து, ஹைப்போகுளோரைட் கரைசலைக் குழாயால் அவர்கள் மேல் பீச்சினார்கள். குழந்தைகளின் கண் எரிந்தது. இரண்டு நாள் கழித்துத் திருப்பூரில் தென்னம்பாளையம் சந்தையின் வாசலில், உள்ளே போகிறவர்கள் மேல் கிருமிநாசினியைத் தூவும் சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டு, நாடெங்கும் பாராட்டோடு பின்பற்றப்பட்டது. வாட்சனின் சமன்பாட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் அச்சுரங்கத்தின் கதி ஒரு நொடியில் தெரியும்: ஒருவர் அதைக் கடப்பது மூன்று முதல் ஐந்து விநாடியில், அந்நேரத்தில் துணியிலும் தோலிலுமுள்ள கிருமி சாக வேண்டுமானால் செறிவைக் கண்ணும் நுரையீரலும் தாங்காத அளவுக்கு ஏற்ற வேண்டும், தாங்கக்கூடிய செறிவில் வைத்தாலோ நேரம் போதாது. மூச்சுக் குழலுக்குள் இருக்கும் வைரஸையோ அது எட்டவே எட்டாது. அடுத்த சில நாட்களுக்குள் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே சுரங்கங்களைப் பயன்படுத்த வேண்டாமென்று சுற்றறிக்கை விட்டது. ஏப்ரல் 18இல் மத்திய சுகாதார அமைச்சும், மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் மனிதர் மேல் தெளிக்கலாகாது என்று கூறின. மலேசியச் சுகாதார அமைச்சும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் யார் மேல் முதலில் பீச்சினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விமானத்தில் வந்தவர்கள் மேல் அல்ல.

பினாங்குத் தீவில், மைண்டன் பட்டாளக் குடியிருப்பாக இருந்து பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான வளாகத்தில், 1994 முதல் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இயங்கிவருகிறது. எதையோ குடித்துவிட்ட குழந்தையின் தாயும், கண்ணில் எதையோ தெறித்துக்கொண்ட தொழிலாளியும், சிகிச்சை செய்யும் டாக்டரும் அங்கே தொலைபேசியில் கேட்கலாம். இத்தகைய நிலையங்களில் மறுமுனையில் பேசுபவர், எப்படி வாடை அடித்தது என்று விசாரிப்பதில்லை. குப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டில் என்ன மருந்து, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறது, உள்ளே போனது எவ்வளவு, போய் எத்தனை நிமிஷமாயிற்று, குழந்தையின் எடை என்ன என்றுதான் வரிசையாகக் கேட்கிறார்.